பார்க்க வைத்து மறைப்பது: கதை எழுதப் பழகுபவர்களுக்குத் திசைதிருப்பல்

துப்பறியும் கதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். குற்றவாளி யார் என்பது கடைசிவரை தெரியக்கூடாது என்று நினைத்து, அந்த ஆளைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு கடைசிப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு சித்தப்பா வந்து "நான்தான் எடுத்தேன்" என்கிறார். வாசிப்பவருக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் வாசிகசாலையில் கூடி எழுதிப் பழகும் மாணவர்களின் கொப்பிகளில் இந்தக் குறையைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. மறைப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுதான் சிக்கல். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நல்ல மந்திரவித்தைக்காரர் தன் இரகசியத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. அது உங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது. அந்த நொடியில் உங்கள் கண்ணும் மனமும் வேறிடத்தில் இருக்கும்படி அவர் பார்த்துக்கொள்கிறார். இதற்குத்தான் திசைதிருப்பல் என்று பெயர். மேடை வித்தைக்கும் மர்மக் கதைக்கும் இது பொதுவான அடித்தளம்.

வன்னியில் இதைச் செய்து காட்ட ஒரு பறவையே இருக்கிறது. குளக்கட்டின் ஓரத்திலும் வயல் தரையிலும் திரியும் ஆட்காட்டி வெறும் நிலத்தில்தான் முட்டையிடும். நாம் கிட்டப் போனால் அது முட்டையின் மேல் படுத்து மூடிக்கொள்ளாது. எழும்பித் தள்ளிப்போய் நின்று ஊருக்கே கேட்கக் கத்தும். நம் கண் சத்தத்தின் பின்னால் போகும், காலும் போகும். ஒவ்வொரு அடிக்கும் முட்டையிலிருந்து விலகிக்கொண்டிருப்போம். முட்டையோ மண்ணோடு மண்ணாக வெட்டவெளியிலேயே கிடக்கும்.

இப்போது ஒரு ஐந்து ரூபாய்க் குத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கை மேலே பார்க்க, பெருவிரல் நுனிக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் இடையில் குத்தியைப் பிடியுங்கள். வலது கையை அதை எடுக்கப் போவதுபோலக் கொண்டுவாருங்கள். வலது பெருவிரல் குத்தியின் கீழே நுழைய வேண்டும், மற்ற விரல்கள் முன்னால் வந்து குத்தியை மறைக்க வேண்டும். மறைந்த அந்த நொடியில் இடது கை குத்தியைத் தன் உள்ளங்கைக்குள் விழ விடுகிறது. வலது கை வெறுமையாக மூடிக்கொண்டு விலகிப் போகிறது. இடது கை ஒன்றும் நடக்காததுபோலக் கீழே தொங்குகிறது. சற்றுக் கழித்து வலது கையைத் திறந்தால் குத்தி இல்லை. உலகம் முழுவதும் வித்தை பழகுபவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

இதில் விரல் வேலை பாதிதான். மீதி கண்ணில் இருக்கிறது. விலகிப் போகும் வலது கையை நீங்கள் உண்மையாகவே பார்க்க வேண்டும். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் எதிரில் இருப்பவரும் பார்ப்பார். ஒரு நொடி இடது கையை எட்டிப் பார்த்தீர்களோ, எல்லாம் போச்சு. இன்னொன்றும் உண்டு. வலது கை செய்வது பெரிய அசைவு, இடது கை செய்வது மிகச் சிறியது. பெரிய அசைவுக்குள் சிறிய அசைவு ஒளிந்துகொள்ளும் என்பது வித்தைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பாடம்.

இது ஏமாளிகளிடம் மட்டும் பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு காணொளியைக் காட்டி, அதில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நடந்து வருகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. கவனம் வேறு வேலையில் இருந்தது.

சரி, இது கதைக்குள் எப்படி வந்தது? அதற்கு வோல்ட்டர் கிப்சன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைச் சொன்னாலே போதும். 1897இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே மந்திரவித்தையில் பைத்தியம். பத்திரிகை நிருபராக வேலை செய்தபடியே புதிர்களும், வீட்டிலிருந்து செய்து பார்க்கக்கூடிய சின்ன வித்தைகளும் எழுதினார். அவரை நாடி வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கைவிலங்குகளையும் பூட்டுகளையும் கழற்றிக்கொண்டு வெளியே வருவதில் புகழ்பெற்ற ஹூடினி, பெரிய மேடைக் காட்சிகளின் மன்னரான தேர்ஸ்டன், இன்னொரு மேடை வித்தைக்காரரான பிளாக்ஸ்டோன், மனதைப் படிப்பதாகக் காட்டும் டன்னிங்கர். இவர்களுக்குப் பின்னால் இருந்து எழுதிக் கொடுத்தவர் கிப்சன். ஹூடினி 1926இல் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன குறிப்புகளைக் கொண்டு 1930இலும் 1932இலும் இரண்டு புத்தகங்களை ஆக்கியதும் இவர்தான்.

இந்த வேலை அவருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு வித்தையைச் செய்ய விரல் தெரிந்தால் போதும். அதை எழுதி இன்னொருவருக்கு விளங்கவைக்க, ஒவ்வொரு நொடியும் பார்வையாளரின் கண் எங்கே நிற்கிறது, மனம் எதை எதிர்பார்க்கிறது என்று சொல்லால் சொல்ல வேண்டும். மேலே குத்தி வித்தையை விளக்க எனக்கு ஒரு பந்தி முழுக்கத் தேவைப்பட்டது. கிப்சன் இப்படி எத்தனையோ வித்தைகளை எழுதினார். நாவலுக்கு வருமுன் அவர் பெற்ற பயிற்சி இது. இதைவிடப் பொருத்தமான பயிற்சி மர்மக் கதை எழுதுபவருக்குக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அவர் எழுதிய நாவல்களைப் பல்ப் கதைகள் என்பார்கள். மரக்கூழில் செய்த மலிவான, சொரசொரப்பான, சீக்கிரம் மஞ்சளாகிப்போகும் தாளில் அச்சான இதழ்கள் அவை. விலை குறைவு. அட்டையில் கண்ணைப் பறிக்கும் படம். எழுத்தாளருக்குச் சொல் கணக்கில் கூலி. இவை 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் பெட்டிக்கடைகளை நிறைத்தன. தமிழ்நாட்டில் இதற்குக் கிட்டத்தட்ட இணையானது மாத நாவல். 1500க்கு மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரின் பெயர் எங்கள் ஊர்களிலும் தெரியும். அட்டை கிழிந்து, முதல் பக்கம் போய், கைமாறிக் கைமாறி வந்த மாத நாவல்களை வாசித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம்.

தாளையும் விலையையும் பார்த்து எழுத்தை எடைபோடக்கூடாது. 1970களில் இலங்கையில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. வன்னி மண்ணையும் மனிதரையும் சொன்ன அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அந்த வரிசையில்தான் வந்தது. 1990களில் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வடக்கில் நாளிதழ்களே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. அதை வாசித்தவர்கள் யாரும் தாளைப் பார்த்து வாசிக்கவில்லை.

கிப்சனுக்கு வருவோம். 1930இல் அமெரிக்க வானொலியில் ஒரு துப்பறியும் நிகழ்ச்சி. கதையைச் சொல்பவருக்கு 'த ஷாடோ', அதாவது நிழல், என்று பெயர். இருண்ட குரல், பயமுறுத்தும் சிரிப்பு. அந்த நிகழ்ச்சி ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பதிப்பகத்தின் இதழுக்கு விளம்பரமாகத்தான் தொடங்கியது. ஆனால் மக்கள் கடைக்குப் போய், அந்தக் குரல்காரனின் இதழ் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒரு இதழே இல்லை! உடனே உண்டாக்க முடிவு செய்து, எழுதக் கிப்சனைப் பிடித்தார்கள். 1931இல் முதல் இதழ் வந்தது. செலவைக் குறைக்கப் பழைய அட்டைப்படம் ஒன்றையே திரும்பப் போட்டார்கள். அதில் ஒரு சீனர் இருந்ததால், கதைக்குள் சீனர் தெருக் காட்சி ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டார்கள். கிப்சன் சேர்த்தார். பல்ப் எழுத்தாளரின் வேலை இப்படித்தான் இருந்தது.

இதழ் விற்ற வேகத்தில் அடுத்த ஆண்டே மாதம் இருமுறை வர ஆரம்பித்தது. ஆண்டுக்கு 24 நாவல்! இதழின் மொத்தம் 325 நாவல்களில் 280க்கும் மேற்பட்டவை கிப்சன் எழுதியவை. அட்டையில் அவர் பெயர் இருக்காது, 'மக்ஸ்வெல் கிரான்ட்' என்றுதான் இருக்கும். வேறு யார் எழுதினாலும் அதே பெயரைப் போடலாம் என்பது பதிப்பகத்தின் கணக்கு. அந்தப் புனைபெயரையும் அவர் வித்தைச் சாமான் விற்கும் இரண்டு பேரின் பெயர்களிலிருந்துதான் சேர்த்தெடுத்தார்.

வானொலியில் பிற்பாடு வந்த ஷாடோவுக்கு மனிதரின் மனதை மயக்கி மறையும் சக்தி இருந்தது. கிப்சனின் நாவலில் குற்றவாளிகளை வேட்டையாடும் நாயகனாக வரும் ஷாடோ ஒரு மேடைக் கலைஞனைப்போல மறைகிறான். கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, பின்னால் இருட்டு. மேடை வித்தையில் கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்பு உடையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். 19ஆம் நூற்றாண்டிலேயே பழக்கத்தில் இருந்த உத்தி இது. கிப்சன் அதை நியூயோர்க் தெருவுக்குக் கொண்டுபோனார். ஷாடோவின் இரகசிய அறையை அவர் காட்டும் விதத்தைக் கவனியுங்கள். அறை முழுக்க இருள். ஒரு மேசை மேல் மட்டும் நீல வெளிச்சம். அதற்குள் இரண்டு வெள்ளைக் கைகள் வருகின்றன, ஒரு விரலில் ஒளி மாறிமாறி மின்னும் கல் மோதிரம். கைகள் கடிதங்களைப் பிரிக்கின்றன. முகம் தெரியவே தெரியாது. முகத்தை மறைக்கிறேன் என்று ஆசிரியர் ஒரு இடத்திலும் சொல்வதில்லை. பார்க்கக் கைகளையும் கல்லையும் தந்துவிட்டார், முகத்தை யாரும் தேடுவதில்லை.

போர்க்காலத்தில் போதிய மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இந்த வெளிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கு கொப்பியையும் எழுதும் கையையும் மட்டும்தான் காட்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கச்சி வெறும் குரலாகத்தான் இருப்பாள்.

கிப்சன் செய்த இன்னும் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. ஷாடோ உண்மையில் யார்? ஆரம்ப நாவல்களில் லாமொன்ட் கிரான்ஸ்டன் என்ற பணக்காரர்தான் ஷாடோ என்று வாசகர் நம்பும்படி எழுதினார். அதே 1931இல் இன்னொரு நாவலில் உண்மையான கிரான்ஸ்டன் தன் வீட்டில் இருக்கும்போது அவர் முன்னாலேயே ஷாடோ வந்து நிற்கிறான். அப்போதுதான் தெரிகிறது, அவன் அந்த மனிதரின் உருவத்தைக் கடன் வாங்கியிருந்தான் என்று. அப்படியானால் இவன் யார்? கிப்சன் உடனே பதில் சொல்லவில்லை. 1937இல்தான் கென்ட் அலார்ட் என்ற விமானி அவன் என்று வெளிப்படுத்தினார். ஆறு ஆண்டுகள் வாசகரின் கண்ணை ஒரு கையில் நிறுத்தி வைத்திருந்தார். நாவல் முழுக்கச் சண்டை, துரத்தல், தப்பித்தல் என்று பார்க்க நிறையவே இருந்ததால் யாரும் அலுத்துப்போகவில்லை.

இனி நம் கொப்பிக்கு வருவோம். பூட்டன் காலத்து வெண்கலச் செம்பு ஒன்று காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கதையின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு பந்தி:

"மாரி மழை தகரக் கூரையில் கொட்டியது. நாலைந்து இடத்தில் ஒழுக்கு. கரண்டும் இல்லை. அம்மம்மா இருட்டில் தட்டித் தடவி, சட்டி, செம்பு, வாளி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒழுக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு போனார். அப்போது கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள்."

கதவைத் தட்டியவர் வழிப்போக்கர். நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறார். இரவு தங்கிவிட்டு விடியுமுன் போய்விடுகிறார். காலையில் சாமி அறையில் செம்பைக் காணவில்லை. ஊர் அவரைத் தேடுகிறது. வாசகரும் அவரைத்தான் தேடுவார். கடைசியில் அறைக்குள் நெல்மூட்டைகளுக்குப் பின்னால், ஒழுக்குத் தண்ணீர் நிறைந்து செம்பு அப்படியே இருக்கிறது.

எல்லாம் முதல் பந்தியிலேயே சொல்லியாயிற்று. வாசகர் ஏன் பார்க்கவில்லை? செம்பு என்ற சொல் சட்டிக்கும் வாளிக்கும் நடுவில் இருக்கிறது. பட்டியலில் முதலாவதும் கடைசியும்தான் மனதில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவும். அதைவிட முக்கியமாக, அந்த வரிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. மழையையும் ஏழ்மையையும் அம்மம்மாவின் பதற்றத்தையும் அது காட்டுகிறது. ஆகவே அது துப்பு என்று யாருக்கும் தோன்றாது. அது முடிந்த கையோடு கதவு தட்டப்படுகிறது. அதுதான் வலது கையின் பெரிய அசைவு. பிறகு இரவு ஒன்று கழிந்துதான் செம்பு தேடப்படுகிறது. இரகசியச் செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவில் காலத்தை விடுவதும் வித்தைக்காரர்களின் பழைய உத்தி. வித்தைக்காரர் கையை மூடியவுடன் திறப்பதில்லை. ஒரு பேச்சுப் பேசிவிட்டுத்தான் திறப்பார்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். அந்த வழிப்போக்கர் வெறும் பொம்மையாக இருக்கக்கூடாது. வாசகரைக் குழப்ப மட்டும் அவரைக் கொண்டுவந்திருந்தால், கதை முடிந்ததும் ஏமாற்றப்பட்ட உணர்வுதான் மிஞ்சும். அவர் ஏன் அந்த மழையில் வந்தார்? வவுனியா ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளைப் பார்க்க விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவராக இருக்கட்டும். சொல்லாமல் போனது அதனால்தான் என்று பின்னால் தெரியவரட்டும். ஊர் அவரைக் கள்ளன் என்றது தவறு என்று உறைக்கும்போது, செம்பு கிடைத்ததைவிட அது பெரிதாகப்படும். குத்தி வித்தையில் வலது கை உண்மையாகவே எடுப்பதுபோல அசைந்தால்தான் கண் பின்னால் போகும். கதையிலும் அப்படியே. பார்க்க வைக்கும் பொருள் பார்க்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். கடைசிப் பக்கச் சித்தப்பாக் கதைகளில் இல்லாதது இதுதான்.

அதேபோல, பொய் சொல்லவும் கூடாது. செம்பு சாமி அறையில் இருந்தது என்று கதைசொல்லி தன் வாயால் சொல்லிவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். அம்மம்மா அப்படி நினைக்கலாம், அண்ணா அப்படிச் சொல்லலாம். பாத்திரங்கள் தவறலாம், கதைசொல்லி தவறக்கூடாது. முடித்துவிட்டு முதல் பந்திக்குத் திரும்பிப் போகும் வாசகருக்கு அங்கே செம்பு இருக்க வேண்டும்.

கிப்சன் இதையெல்லாம் அவ்வளவு வேகத்தில் எப்படிச் செய்தார்? நாவலை எழுதுமுன் முழுக் கதைச் சுருக்கத்தையும் எழுதி, இதழின் ஆசிரியர் ஜோன் நனோவிக்கிடம் கொடுத்துப் பேசி முடிவுசெய்துகொள்வார். யார் செய்தது, எப்படிச் செய்தது, எந்த இடத்தில் வெளிப்படும் என்பதெல்லாம் தட்டச்சுப் பொறியின் முன் உட்காருமுன்பே தெரியும். இரகசியம் கையில் இருந்தால்தான் எதைக் காட்டுவது என்று முடிவெடுக்க முடியும். இதழ் 1943இல் கையடக்க அளவுக்குச் சுருங்கி, 1949இல் நின்றுபோனது. கிப்சன் நிற்கவில்லை. மந்திரவித்தை பற்றியும் சீட்டுவித்தை பற்றியும் பெரிய பெரிய நூல்களாக எழுதிக்கொண்டே இருந்து 1985இல் காலமானார்.

ஆகவே கதை எழுத உட்காரும்போது கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். என்ன நடந்தது என்பதை நாலு வரியில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து, அந்த நாலு வரியில் எதை எந்த வாக்கியத்தின் நடுவில் வைப்பது, அதன் பக்கத்தில் எந்தக் கதவைத் தட்டவைப்பது என்று யோசியுங்கள். வித்தை பழகுபவர் கண்ணாடி முன் நின்று பழகலாம், எழுதுபவருக்கு அது கிடையாது. முதல் பாதியை மட்டும் மூன்று பேரிடம் வாசித்துக்காட்டி, யார் மேல் சந்தேகம் என்று கேளுங்கள். ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் பரவாயில்லை, கூர்மையான வாசகர் எங்கும் இருப்பார். மூன்று பேரும் கண்டுபிடித்தால், அந்தச் சொல்லை எடுத்து வேறு வரிக்கு மாற்றிவிட்டு இன்னொரு மூன்று பேரிடம் வாசித்துப் பாருங்கள்.